கன்னிமூலைக் கிணறு

மடியில வச்சிருக்கறது வில்லங்கச் சான்றிதழ்தானே தம்பி? இல்ல, எட்டிப் பார்க்கல. முப்பது வருஷமா இந்தத் தாளுங்களோடயே குடும்பம் நடத்துனவன் நான். ஒருத்தர் மடிச்சு வச்சிருக்கற தினுசைப் பார்த்தே சொல்லிருவேன், அது பத்திரமா, பட்டாவா, கல்யாணப் பத்திரிகையான்னு. சேலம்தானே போறீங்க? நானும் சேலம்தான். இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுவான். எனக்கு பஸ்ஸுல தூக்கம் வராது.

வீடா, மனையா? வீடு. பழைய வீடு. சரி. எத்தனை வருஷத்துக்கு வில்லங்கம் போட்டிருக்கீங்க? முப்பதா? நல்ல காரியம். பதிமூணு வருஷத்துக்குப் போட்டுட்டு எல்லாம் சுத்தமா இருக்குதுன்னு வந்து நிப்பாங்க சில பேரு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தத் தாளு யாரு யாருக்கு வித்தாங்க, யாரு அடமானம் வச்சாங்கன்னு மட்டும்தான் சொல்லும். மண்ணுக்குள்ள என்ன கிடக்குதுன்னு சொல்லாது. சுவத்துல எங்க ஓதம் ஏறுதுன்னு சொல்லாது. அதுக்கு நீங்கதான் போகணும். ஐப்பசி மழையில ஒரு தடவை, உச்சி வெயில்ல ஒரு தடவை. புரோக்கர் கூட்டிட்டுப் போற நேரத்துல போகாதீங்க. புரோக்கர் கூட்டிட்டுப் போற நேரம் வீடு அழகா இருக்கற நேரம். சாயங்காலம் நாலரை, அஞ்சு. நான் அப்படித்தான் கூட்டிட்டுப் போவேன்.

ஆமாங்க, புரோக்கர்தான். அங்கப்பன். சேலத்துல பத்திரம் அங்கப்பன்னு கேட்டீங்கன்னா டீக்கடையில கூட சொல்லுவாங்க. இப்ப ஒன்றரை வருஷமா ஆத்தூர்ல இருக்கேன். ஏன் வந்தேன்னா, அது ஒரு கதை. அதுக்குத்தான் இன்னிக்கு போறேன். கோர்ட்டுல சாட்சி. பயப்படாதீங்க, நான் சாட்சிதான், குற்றவாளி இல்ல.

பழைய பத்திரம் வாங்கிட்டீங்களா? தாய்ப்பத்திரம். வாங்குனீங்க, சரி. படிச்சீங்களா? அது பாருங்க, யாரும் படிக்கறதில்ல. அந்தக் காலத்து எழுத்து, வாக்கியம் முடியவே முடியாது, படிக்கறவனுக்கு மூச்சு முட்டும். இருந்தாலும் படிங்க. புதுசா எழுதப் போற பத்திரத்தையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, சொத்து விவரத்தை மட்டும் விரல் வச்சுப் படிங்க. பழசுல இருக்கற எந்த வார்த்தை புதுசுல இல்லன்னு பாருங்க. இதை எந்தப் புரோக்கரும் உங்களுக்குச் சொல்ல மாட்டான். நான் சொல்றேன்.

ஏன் சொல்றேன்னா, ஒரு வீட்டு விஷயத்துல அந்த மாதிரி ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. 'உள்கிணறு ஒன்று' அப்படின்னு பழசுல இருந்துச்சு. புதுசுல இல்ல. எழுதறவர் கேட்டாரு, அங்கப்பா, இந்தக் கிணத்தைப் போடட்டுமா வேண்டாமான்னு. மூடியாச்சு, இல்லாத கிணத்தை எதுக்கு எழுதிக்கிட்டுன்னு சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனா பழைய பத்திரத்தை வாங்குனவன் கையிலயே கொடுத்தேன். அவன் பீரோவுலதான் இருந்துச்சு. அவன் படிச்சிருக்கலாம். படிக்க வேண்டாம்னு நான் தடுத்தனா?

உடையாப்பட்டிக்கு உள்ள தள்ளி, ஒரு வீடு. சௌந்தரராஜன்னு, கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் போயிட்டாங்க. மகன் ஓசூர்ல கூப்பிடறான். வீட்டை வித்துட்டுக் கிளம்பணும். நல்ல வீடு தம்பி, குறையே சொல்ல முடியாது. ஒரு பக்கம் காலி மனை, இன்னொரு பக்கம் வரிசையா ரூம் கட்டி வடக்க இருந்து வர்ற பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாங்க. பின்னால நல்ல இடம். ஆனா அந்தப் பின்னால, தென்மேற்குல, கன்னிமூலையில, கிணறு. நாற்பத்தஞ்சு அடி. ஒன்பது அடி அகலம்.

கன்னிமூலையில பள்ளம் இருந்தா யாரு வாங்குவா? நீங்களே சொல்லுங்க. நீங்க வாஸ்து பார்க்க மாட்டீங்க, சரி. உங்க மாமியார் பார்க்க மாட்டாங்களா? ரெண்டு பார்ட்டி கூட்டிட்டு வந்தேன். முன்னால ஹால்ல நின்னு சிரிச்சாங்க, சமையல்கட்டுல நின்னு தலையாட்டுனாங்க, பின்னால வந்து கிணத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டாவது பார்ட்டி காருக்குள்ள உட்கார்ந்தப்புறம் என்கிட்ட சொல்றாரு, அந்த அம்மா செத்ததுக்கே இதுதான் காரணம்னு. கேன்சர் வந்து செத்தவங்க அவங்க.

சௌந்தரராஜன் சார்கிட்ட சொன்னேன், சார், இதை மூடாம வீடு நகராது. அவரும் சரின்னாரு. ஆனா அவரு ஒரு மாதிரி மனுஷன். எதையும் முறையாச் செய்யணும். தூர்த்துரலாம் அங்கப்பன், அடியில இருந்து மண்ணு போட்டு, குழாய் ஒண்ணு நட்டு, பூசை போட்டு தூர்த்துரலாம்னாரு. டிராக்டர்காரனைக் கேட்டா, முப்பது நடை மண்ணு ஆகும், ஏரியில தண்ணி கிடக்கு, தை பொறந்துதான் எடுக்க விடுவாங்கங்கறான். சார் அவன்கிட்ட முழுசாப் பணத்தையே கொடுத்துட்டாரு, பொங்கல் கழிச்சு வந்து தூர்த்துருன்னு.

இதெல்லாம் நடக்கறது கார்த்திகை மாசம் ஆரம்பத்துல. அப்பத்தான் இளவரசுன்னு ஒரு பையன் போன் பண்றான். செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கறவன். பேங்க் லோன் பாஸ் ஆகி இருக்கு. குடியிருக்கற வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. மார்கழி பொறக்கறதுக்குள்ள பத்திரமும் போட்டு பாலும் காய்ச்சணுங்கறான். மார்கழியில எவன் வீடு மாறுவான்? மார்கழி பொறந்துட்டா பதிவு ஆபீஸ் வாசல்ல ஈ ஓட்டிட்டு இருப்போம் நாங்க. இந்தப் பார்ட்டியை விட்டா தை கடைசிதான். தை கடைசியில அவன் வேற வீடு பார்த்திருப்பான். விக்கறவருக்கு அவசரம், வாங்கறவனுக்கு அவசரம். ரெண்டு அவசரத்துக்கும் நடுவுல நிக்கறவன் நான். எனக்கு அவசரமே இல்ல, நம்புங்க. ரெண்டு பேருக்கும் உதவி பண்ணணும்னுதான் நினைச்சேன்.

சடையப்பன் மேஸ்திரின்னு ஒருத்தன். என் வேலையெல்லாம் அவன்தான் செய்வான். நல்ல கை, ஆனா வாய் அதிகம். கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். எட்டிப் பார்த்தான். "ஒன்பது அடி அகலம் அண்ணா. கம்பி கட்டி காங்கிரீட் போடணும். போட்டு மூணு வாரம் தண்ணி கட்டணும்"னான்.

"மூணு வாரம் இல்ல சடையா. மூணு நாளு."

"மூணு நாள்ல என்ன பண்ண முடியும்?"

பின்னாலயே பிரிச்சுப் போட்ட மாட்டுக்கொட்டாய் சாமான் கிடந்துச்சு. அதுல நாலு பனை உத்திரம். நல்ல வைரம் பாஞ்ச மரம். அதைக் குறுக்க போட்டு, மேல கடப்பாக்கல் பரப்பி, சிமெண்ட் போட்டுரலாம்னேன். அவன் தலையைச் சொறிஞ்சான். "மரத்துக்கு அடியில இருந்து ஆவி ஏறிட்டே இருக்கும் அண்ணா. ஒரு மழைக்காலம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல." அட, ஒரு மழைக்காலம் யாரு கேட்டா, ரெண்டு மாசத்துல டிராக்டர் வந்து தூர்த்துரும்னேன். "அப்ப வாங்கறவங்ககிட்ட சொல்லிருங்க அண்ணா, அது மேல நடமாட வேண்டாம்னு." நான் சொல்லிக்கறேன், நீ வேலையப் பாருன்னேன்.

இந்தப் பேச்சு, பாருங்க, அங்க நின்னது நாங்க ரெண்டே பேருதான். எழுத்துல எதுவும் கிடையாது.

சார்கிட்ட, டிராக்டர் வர்ற வரைக்கும் தற்காலிகமா ஒரு மூடின்னு சொல்லிச் சம்மதம் வாங்கிட்டேன். மூணே நாள்ல தளம் ரெடி. சும்மா சொல்லக் கூடாது, சடையன் சிவப்பு ஆக்சைடு போட்டு இழுத்து விட்டான் பாருங்க, முகம் பார்க்கலாம். இளவரசு சாயங்காலம் நாலரைக்கு வந்தான். கூட சம்சாரம், கோகிலான்னு. கூட ஒரு வாஸ்துக்காரர், கையில காம்பஸ். அவரு பின்னால வந்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டு, கன்னிமூலை மேடா இருக்கு, இந்த மாதிரி அமையறது கஷ்டம், கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னாரு. நான் வாயே திறக்கல. வாஸ்து சொல்றதுக்கு அவரு காசு வாங்கறாரு, நடுவுல நான் எதுக்கு?

அந்தப் பொண்ணுக்கு வீட்டுல பிடிச்சதே அந்தத் தளம்தான் தம்பி. அதுவரைக்கும் மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தாங்க. துணி காயப்போட இடமில்லன்னு வீட்டுக்காரம்மாகூட தினம் தகராறாம். "இங்க இருந்து இங்க ரெண்டு கொடி கட்டிக்கலாங்க"ன்னு புருஷன்கிட்ட கையைக் காட்டிக் காட்டிச் சொல்லுச்சு. ஒரே மகள், மூணாவது படிக்குது, அதோட யூனிபாரம் ரெண்டு செட்டுதானாம், துவைச்சுத் துவைச்சுப் போடணுமாம். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்லல. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு அமைஞ்சா எனக்கு எப்பவுமே சந்தோஷம்தான்.

இன்னொரு விஷயம். நீங்க வாங்கப் போற வீட்டு ஓனரை நேர்ல பார்த்தீங்களா? பார்க்கலையா. பாருங்க. புரோக்கர் இல்லாம, தனியா, ஒரு பத்து நிமிஷம். விக்கறவரும் வாங்கறவரும் தனியா உட்கார்ந்து பேசக்கூடாதுங்கறதுதான் எங்க தொழிலுக்கு அஸ்திவாரம். கமிஷனுக்காக மட்டும் இல்ல. விக்கறவங்க வாயி சும்மா இருக்காது. இந்த ரூம்லதான் எங்கம்மா படுத்துக் கிடந்தா, இந்த ஜன்னல்ல மழை அடிக்கும், அப்படின்னு எதையாவது உளறிருவாங்க. வாங்கறவனுக்கு ஒரு நூல் கிடைச்சாப் போதும், பிடிச்சு இழுத்துருவான்.

பதிவு அன்னிக்கு வேற வழியில்ல, ரெண்டு பேரும் வந்துதான் ஆகணும். நான் நடுவுல உட்கார்ந்துக்கிட்டேன். போட்டோ எடுக்கற இடம், ரேகை வைக்கற இடம், எல்லா இடத்துலயும் நடுவுல. ஒரு கட்டத்துல சௌந்தரராஜன் சார் என்னைத் தாண்டிக் குனிஞ்சு, "தம்பி, பின்னால அந்தத் தளம் இருக்குல்ல..."ன்னு ஆரம்பிச்சுட்டாரு. "சார், டோக்கன் கூப்பிடறாங்க"ன்னு கையைப் பிடிச்சு எழுப்பிட்டேன். டோக்கன் கூப்பிடல. அப்புறம் வெளியில வந்து வேன்ல ஏறும்போது என்கிட்ட சொன்னாரு. "அங்கப்பன், மறந்துராதீங்க. அந்தப் பையன்கிட்ட சொல்லிருங்க. மண்ணு வந்து கொட்டற வரைக்கும் அது மேல யாரும் போக வேண்டாம்." சொல்லிர்றேன் சார், நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சேன்.

சொல்லணும்னுதான் இருந்தேன். பால் காய்ச்சற அன்னிக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். நல்ல நாளு அதுவுமா எப்படிச் சொல்றது? வாழை மரம் கட்டி இருக்கு, சொந்தக்காரங்க நிக்கறாங்க, ஐயர் உட்கார்ந்திருக்காரு. சாப்பிட்டேன், வந்துட்டேன். அப்புறம் மார்கழி. பொங்கல் வந்துச்சு. டிராக்டர்காரன் போன் பண்றான், அண்ணா, மண்ணு ரெடி, எப்ப வரட்டும்னு. யோசிச்சேன். இப்ப டிராக்டர் போய் நின்னா, தளத்தை உடைக்கணும். உடைச்சா கிணறு. பால் காய்ச்சிக் குடி வந்த வீட்டுல கன்னிமூலையில கிணறு இருக்குன்னு தெரிஞ்சா அந்தப் பையன் என்னை விடுவானா? செவ்வாய்ப்பேட்டை பூரா சொல்லுவான். முப்பது வருஷமா சம்பாதிச்ச பேரு தம்பி. அம்மாபேட்டையில நம்ம பார்ட்டி ஒருத்தரோட பள்ள மனை கிடந்துச்சு. மண்ணை அங்க அடிக்கச் சொல்லிட்டேன். மண்ணு ஒண்ணும் வீணாப் போகல.

தண்ணி குடிக்கிறீங்களா? இல்ல, நான் குடிச்சுக்கறேன்.

அடுத்த ஐப்பசி. மூணு நாளு விடாத மழை. நாலாவது நாளு காலையில வெயில் அடிச்சுச்சு. அந்தப் பொண்ணு மூணு நாள் துணியையும் ஒண்ணாத் துவைச்சு, கூடையைத் தூக்கிட்டுப் போயிருக்கு. ஒம்பது மணி. புருஷன் பட்டறையில, பிள்ளை ஸ்கூல்ல. பக்கத்து ரூம்ல ராத்திரி ஷிப்ட் முடிச்சுப் படுத்திருந்த வடக்கத்திப் பசங்கதான் சத்தம் கேட்டு சுவர் ஏறி வந்திருக்காங்க. தரை இல்ல. கொடியில ரெண்டு துணி மட்டும் தொங்குது.

தீயணைப்பு வண்டி வந்து, மேல கிடந்த கல்லை எல்லாம் எடுத்து, தூக்கும்போது பன்னெண்டு மணி. நான் போயிருந்தேன். யாரோ போன்ல சொன்னாங்க, உடனே வண்டியை எடுத்துட்டுப் போனேன். போகாம இருந்திருக்கலாம், எத்தனையோ பேரு போயிருக்க மாட்டாங்க. இளவரசு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ஒண்ணுமே கேக்கல. பிடிச்ச கையை விடவே இல்ல. நான் அழுதேன் தம்பி. நடிப்பில்ல. எங்க அப்பா செத்தப்பக்கூட நான் அப்படி அழுததில்ல.

போலீஸ் கேஸ் ஆச்சு. கவனக்குறைவால உயிர் போச்சுன்னு. முதல் எதிரி சௌந்தரராஜன் சார், ரெண்டாவது எதிரி சடையப்பன். நான் சாட்சி. ஏன்னா பாருங்க, கிணறு அவரோடது, தளம் இவன் போட்டது. நான் யாரு? ரெண்டு பேரை அறிமுகப்படுத்தி வச்சவன். ரெண்டு பேருமே, அங்கப்பன்கிட்ட சொன்னோம், அவருதான் சொல்றேன்னாருன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஸ்டேஷன்ல என்னைக் கேட்டாங்க. எனக்கு அப்படி யாரும் சொன்னதா ஞாபகம் இல்லன்னேன். ஸ்டேஷன்ல நமக்கு வேண்டியவங்க ஒருத்தர் இருந்தாரு. அதோட முடிஞ்சுது.

ஞாபகம் இல்லங்கறது பொய்யில்ல தம்பி. என் வக்கீல் அதை அழகா விளக்குனாரு. இல்லன்னு சொன்னாத்தான் பொய். ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கேக்காததை வாயில எடுக்காதீங்கன்னாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அதைத்தானே நான் முப்பது வருஷமா செஞ்சுட்டு இருக்கேன்.

சௌந்தரராஜன் சார் போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு. ஓசூர்லயே. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்துட்டு இருந்தாரு, ஒவ்வொரு தடவையும் கோர்ட் வாசல்ல இளவரசு முன்னால போய் நிப்பாராம், அவன் முகத்தைத் திருப்பிக்குவானாம். இப்ப மிச்சம் சடையன் ஒருத்தன்தான். முந்தாநாள் போன் பண்ணுனான். நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்துட்டேன்.

"அண்ணா, நான் தளம் போட்டது உண்மை. அதை இல்லைங்கல. நீங்க சொல்லிக்கறேன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுங்க. எனக்குத் தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றாரு. ரெண்டாவது பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கேன் அண்ணா."

"பார்க்கலாம் சடையா"ன்னேன். பார்க்கலாம்னு சொல்றதுல என்ன தப்பு? வேணாம்னு சொல்லி மனசை நோகடிக்கணுமா?

அவன் பேருலயும் தப்பு இருக்கு. நல்ல மேஸ்திரின்னா என்ன பண்ணியிருக்கணும்? முடியாது அண்ணான்னு சாமானைத் தூக்கிட்டுப் போயிருக்கணும். கூலி வாங்குனான்ல? நான் சொன்னேன்னு செஞ்சேங்கறான். நான் சொன்னா கிணத்துல குதிப்பானா? ... அந்த வார்த்தை வேண்டாம், விடுங்க.

அயோத்தியாபட்டணம் வந்துருச்சா? அடுத்து உடையாப்பட்டி. இந்த ரோட்டுல இப்ப கொஞ்ச தூரம் நான் வெளியில பார்க்கறதில்ல. நீங்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது நல்லதாப் போச்சு.

நீங்க நல்ல கேள்வி கேக்கறீங்க. அந்த வீட்டுல யாருமே என்னை எதுவும் கேக்கலையான்னு. சொல்றேன். உங்களை நான் இனிமே பார்க்கப் போறதில்ல, நீங்களும் என்னைப் பார்க்கப் போறதில்ல. பால் காய்ச்சின அன்னிக்கு சாப்பிட்டேன், வந்துட்டேன்னு சொன்னேன்ல? சாப்பிடறதுக்கு முன்னால ஒண்ணு நடந்துச்சு.

பூசை முடிஞ்சு பசு மாட்டை வீட்டுக்குள்ள ஓட்டிட்டு வந்தாங்க. முன்வாசல்ல நுழைஞ்சு, ஹாலைத் தாண்டி, பின்வாசல் வழியா வெளியேத்தணும். கன்னுக்குட்டியும் கூட. நல்ல சாதுவான மாடு, பொட்டு வச்சு, மாலை போட்டு, சாணி கூட ஹால்லயே போட்டுச்சு, எல்லாரும் நல்ல சகுனம்னு சிரிச்சாங்க. பின்வாசப்படி இறங்குச்சு. தளத்துல முன்னங்கால் ஒண்ணை வச்சுச்சு. வச்சதும் எடுத்துக்கிச்சு. அப்புறம் நகரல. மாட்டுக்காரன் கயித்தை இழுக்கறான், வாலை முறுக்கறான், நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்குது. மூக்கைக் கீழ வச்சு ஊதுது.

எல்லாரும் உள்ள இருந்தாங்க. பின்னால நின்னது மாட்டுக்காரன், நான், அந்தப் பொண்ணு, அவ்வளவுதான். பட்டுச்சேலை கட்டி, கையில மாட்டுக்குக் கொடுக்க வாழைப்பழச் சீப்போட நின்னுச்சு. என்னைத் திரும்பிப் பார்த்துச்சு.

"அண்ணா, ஏன் ஏற மாட்டேங்குது? கீழ ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கேட்டுச்சு தம்பி. அந்த வீட்டுல ஒருத்தர் கேட்டாங்க. வாங்குனவன் கேக்கல, வாஸ்துக்காரன் கேக்கல, பேங்க்ல இருந்து வந்த இன்ஜினியர் கேக்கல. அந்தப் பொண்ணு கேட்டுச்சு. மாடு வேற பதில் சொல்லிட்டு நிக்குது.

"ஒண்ணுமில்லம்மா. ஆக்சைடு தரை, புதுசு. வழுக்கும்னு பயப்படுது"ன்னேன்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்தப் பொண்ணு முகத்துல இன்னும் என்னமோ இருந்துச்சு. அது போகணுமேன்னு, நானே படியிறங்கி, தளத்து நடுவுல போய் நின்னேன். காலால ரெண்டு தட்டுத் தட்டுனேன். "பாரும்மா, எப்படி இருக்குன்னு." கீழ நாற்பத்தஞ்சு அடின்னு தெரிஞ்சுதான் நின்னேன். முகத்துல சிரிப்பை மாத்தவே இல்ல.

அந்தப் பொண்ணுக்கு முகம் தெளிஞ்சு போச்சு. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, படியிறங்கி வந்து என் பக்கத்துல நின்னுச்சு. கொலுசு போட்ட காலால அதுவும் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்துச்சு. "ஆமாங்கண்ணா, நல்லாக் கெட்டியா இருக்கு. இதுக்குத்தான் நீ இந்தப் பயம் பயந்தியா"ன்னு மாட்டைப் பார்த்துச் சொல்லுச்சு. மாட்டுக்காரன் ஓரமா, சுவத்தை ஒட்டி மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டான்.

இதை நான் என் சம்சாரத்துக்கிட்டக் கூட சொன்னதில்ல. வக்கீல்கிட்டயும் சொல்லல. கோர்ட்டுல இதை யாரும் கேக்க முடியாது, கேக்கறதுக்கு அவங்களுக்குத் தெரியாதே. சடையன் சொன்னானா, சார் சொன்னாரான்னு கேப்பாங்க. ஞாபகம் இல்லம்பேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும்னு வக்கீல் சொல்லியிருக்காரு. மத்தியான பஸ்ஸுக்கு ஆத்தூர் திரும்பிருவேன்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கறீங்க? அதான் உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனே. இத்தனை நாள் நெஞ்சுல அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்பப் பாருங்க, கொஞ்சம் லேசா இருக்கு. இனிமே போய் நின்னு பேசிருவேன்.

கொஞ்சம் காலை எடுத்துக்கங்க, சீட்டுக்கு அடியில என் பை இருக்கு. நான் இறங்கற இடம் வந்துருச்சு.